செய்திக்கு வந்த நோட்டீஸ்

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருந்து வந்துகொண்டிருந்த சின்ன வார இதழில் நான் உதவி ஆசிரியராக இருந்தபோது, ஒரு நகைச்சீட்டு நிறுவனத்தைப் பற்றி இரண்டு பக்கச் செய்தி போட்டோம். தவணை முடிந்தும் நகை கைக்கு வராதவர்களின் சீட்டுப் புத்தகங்களை வைத்து எழுதியது. பத்தாம் நாள் தடித்த உறை ஒன்று வந்தது. கட்சிக்காரர் சமுதாயத்தில் மிகுந்த நன்மதிப்பு உள்ளவர் என்று தொடங்கியிருந்த கடிதம், ஏழு நாளில் முதல் பக்கத்தில் மன்னிப்பு, தவறினால் ஐந்து கோடி நஷ்டஈடு, கூடவே குற்ற வழக்கு என்று முடிந்திருந்தது. எங்கள் சொத்து இரண்டு கணினி, ஒரு பழைய பிரிண்டர், டீக்கடையில் கொஞ்சம் பாக்கி. ஐந்து கோடியைப் பார்த்து முதலில் சிரித்தோம். மாலையில் அச்சகத்துக்காரர் போன் செய்து, "அண்ணே, நோட்டீஸ்ல அச்சகம் பேரும் இருக்காமே?" என்று கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிய கடிதம், அவ்வளவுதான். ஆனாலும் அதைக் குப்பையில் போடக்கூடாது. பயந்துபோய் உடனே மன்னிப்பு எழுதிக் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. அந்த மன்னிப்பையே தப்பை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாக நாளைக்கு நீதிமன்றத்தில் நீட்டுவார்கள். நம் செய்தி உண்மையிலேயே பிழை என்றால் திருத்தம் போடத் தயங்க வேண்டியதில்லை. பிழை இல்லையென்றால் நம் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும். அதோடு ஒரு கேவியட் மனுவும் போட்டு வைக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. போட்டால் 90 நாளுக்கு, நம்மைக் கேட்காமல் அந்த நீதிமன்றத்தில் தடை வாங்குவது கடினம். அந்த நீதிமன்றத்தில், என்பதைக் கவனியுங்கள். வழக்கு எந்த ஊரில் விழும் என்று நமக்குத் தெரிந்தால்தானே அங்கே போய் மனு போட முடியும்?

டெல்லியிலிருந்து வரும் 'கேரவன்' இதழ் 2011 பிப்ரவரியில் ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தையும் அதன் முகமாக இருந்த அரிந்தம் சவுத்ரியையும் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. இதழும் டெல்லி, நிறுவனமும் டெல்லி. வழக்கு விழுந்தது அசாம் மாநிலத்தின் சில்சர் நகரில். அங்கே அந்த நிறுவனத்துக்கு மாணவர் சேர்த்துக் கொடுத்துவந்த முகவர் ஒருவரையும் வாதியாகச் சேர்த்து, 50 கோடி ரூபாய் கேட்டார்கள். அவதூறு எங்கே படிக்கப்பட்டதோ அங்கேயும் வழக்குப் போடலாம் என்று சட்டம் இருப்பதால், இணையத்தில் ஏறிய கட்டுரைக்கு நாடு முழுவதும் வாசற்படிதான். எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை கிடைத்தது. வழக்கு டெல்லிக்கு மாறி, உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியபோது 2018 பிப்ரவரி. கட்டுரை வெளியாகி ஏழு ஆண்டு. அந்தக் கல்லூரியில் சேரலாமா வேண்டாமா என்று யோசித்த பிள்ளைகள் அதற்குள் படித்து முடித்து வேலைக்கே போயிருப்பார்கள். இடையில் 2013இல், குவாலியர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அந்த நிறுவனத்தை விமர்சித்த 73 இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் பொது அறிவிப்புப் பக்கமும் அதில் சேர்ந்து போனது. அரசு அமைப்பின் எச்சரிக்கையே மறைந்த பிறகு சின்ன இதழ் எம்மாத்திரம்?

தீர்ப்பில் தோற்பதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அடி அதற்கு வெகுநாள் முன்பே இடைக்காலத் தடையில் விழுந்துவிடுகிறது. செய்தியைப் படிக்க வேண்டிய நேரத்தில் அது இல்லாமல் போனால், பத்தாண்டு கழித்து வரும் வெற்றியை யார் தேடிப் படிக்கப்போகிறார்கள்?

இந்த இடத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய துணை. ஜீ நிறுவனத்தின் கணக்கில் சுமார் 24.1 கோடி டாலர் விவகாரத்தைப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி கண்டறிந்திருப்பதாக 2024 பிப்ரவரி 21 அன்று புளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. மார்ச் 1 அன்று டெல்லிக் கீழமை நீதிமன்றம் கட்டுரையை நீக்கச் சொன்னது. 14 அன்று உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 22 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. விசாரணை நடந்து முடியும் முன்னே ஒரு செய்தியை முடக்குவது, அது தீய நோக்கோடு எழுதப்பட்டது அல்லது பார்த்த மாத்திரத்தில் பொய் என்று தெரிகிறது என்ற நிலையில் மட்டுமே இருக்க வேண்டும் என்றும், காரணம் எழுதாமல் சூத்திரத்தை ஒப்பிப்பதுபோலத் தடை கொடுக்கக்கூடாது என்றும் சொன்னது. பணபலம் உள்ளவர்கள் வழக்கை இழுத்தடித்தே பொதுமக்களுக்குத் தகவல் போகாமல் தடுக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட்டது. உலகளாவிய செய்தி நிறுவனத்துக்கு மூன்றே வாரத்தில் உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தது. டீக்கடை பாக்கிக்காரர்களுக்கு அது முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பின் நகலை மாவட்ட முன்சீப் முன்னாலும் நீட்டலாம்.

தடை உத்தரவு கைக்கு வந்துவிட்டால் முதலில் கீழ்ப்படியுங்கள். மீறினால் சொத்து ஜப்தி, சிறை என்று வேறு பக்கம் இழுத்துவிடும். பிறகு ஆணை 39, விதி 4இன்கீழ் தடையை நீக்கக் கோரி மனு போடலாம். நம்மைக் கேட்காமல் தடை வாங்கியவர், மனுவின் நகலையும் ஆவணங்களையும் உடனே நமக்கு அனுப்பியாக வேண்டும். அவருடைய அந்தத் தடை மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றமும் முயல வேண்டும். இவை சட்டத்திலேயே எழுதியிருப்பவை. யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் செய்வதில்லை.

குற்ற வழக்கின் வழி தனி. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது சமூக சேவை. நிறுவனத்துக்கும் மானம் உண்டு என்பது அதே பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது. இந்தக் குற்றத்துக்கு ஜாமீன் உரிமை உண்டு. போலீஸ் தானாக வந்து பிடித்துக்கொண்டு போக முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை முதல் இன்னொரு பாதுகாப்பு வந்திருக்கிறது: புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிரிக்குப் பேச வாய்ப்புத் தர வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஓட முடியாதவர் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், உயர் நீதிமன்றத்தில் ரத்து கோரலாம். உரிமையியல் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் போதும். குற்ற வழக்கில் உண்மையோடு பொதுநலனும் இருந்தாக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு முதலாளியின் கணக்குப் பித்தலாட்டத்தை எழுதும் கட்டுரையில் அவர் வீட்டுச் சண்டையையும் சேர்த்தால், அந்த ஒரு பத்திக்காகவே வழக்கு நிற்கும்.

நான் எழுத்தாளர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை மும்பை 'மணிலைஃப்' இதழுடையது. 2015இல் அதன் இதழாளர் சுசேதா தலாலுக்கு, பெயர் சொல்லாத ஒருவர் செபிக்கு எழுதிய கடிதத்தின் நகல் வந்தது. தேசியப் பங்குச்சந்தையின் கணினிக் கூடத்திலேயே தங்கள் சர்வர்களை வைத்திருந்த தரகர்களில் சிலருக்கு மட்டும், மற்றவர்களுக்கு ஒரு கணம் முன்னதாக விலைத் தகவல் போனது என்பது அதன் சாரம். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் அந்த உலகில் அது பணம். இதழ் அந்தக் கடிதத்தை அப்படியே அச்சேற்றிவிடவில்லை. பங்குச்சந்தையின் மேலதிகாரிகளுக்கு அனுப்பி, இது உண்மையா என்று கேட்டது. பதில் வரவில்லை. ஜூன் 19 அன்று கட்டுரை வெளியானது. பதில் எழுத நேரமில்லாதவர்களுக்கு 100 கோடி கேட்டு பம்பாய் உயர் நீதிமன்றம் போக நேரம் கிடைத்தது. செப்டம்பர் 9 அன்று நீதிபதி கௌதம் படேல் தடை தர மறுத்தார். கேட்டபோது வாய் மூடியிருந்துவிட்டு, பிறகு மானம் போனதாக வருவதை அவர் ஏற்கவில்லை. 50 லட்சம் ரூபாய் வழக்குச் செலவும் விதித்தார். தலாலுக்கும் அவருடைய சக இதழாளருக்கும் தலா ஒன்றரை லட்சம், மீதி 47 லட்சம் மும்பையின் இரண்டு மருத்துவமனைகளுக்கு.

பின்கதையையும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். 2019இல் செபி, பங்குச்சந்தை 624.89 கோடியை வட்டியோடு கட்ட வேண்டும் என்றது. 2023இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, போதிய கவனம் இல்லாததற்காக 100 கோடி மட்டும் கட்டச் சொன்னது. இவற்றில் எதுவும் 2015இல் அந்த இதழின் கையில் இல்லை. அன்று அவர்களைக் காப்பாற்றியது, பதில் வராத கேள்விக் கடிதம்.

ஆகவே எதிர்த்தரப்புக்குக் கேள்வி அனுப்புங்கள், எழுத்தில் அனுப்புங்கள், பதிலுக்கு நியாயமான அவகாசம் கொடுங்கள், அனுப்பிய சான்றைப் பத்திரப்படுத்துங்கள். போனில் பதிவு செய்த பேச்சை வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பிவிட்டு மூலக்கோப்பை அழிப்பவர்கள் இருக்கிறார்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தேவை, அதற்கு மூலக் கருவி இருந்தால்தான் நிம்மதி. தகவல் தந்தவர் பெயரைச் சொல்லமாட்டேன் என்பது நம் தொழில் தர்மம், ஆனால் நீதிமன்றத்தில் அதற்கு முழுச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஆள் வாயை நம்பி எழுதாமல், ஆவணத்தை நம்பி எழுதுவது அவருக்கும் நல்லது.

செய்தியாளர் இல்லை நான், வெறும் வாடிக்கையாளர் என்பவருக்கும் இது பொருந்தும். "ஏமாத்துக்காரக் கடை" என்று எழுதுவதற்கும், "மார்ச்சில் பணம் கட்டினேன், பில் இதோ, இன்றுவரை பொருள் வரவில்லை" என்று எழுதுவதற்கும் நீதிமன்றத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிறர் எழுதியதைப் பகிர்ந்தவரும் தப்ப முடியாது.

நம் பக்கத்துக் குறையையும் மறைப்பதற்கில்லை. விளம்பரம் தராத கடையைப் பற்றி 'பரபரப்பு' எழுதுகிற இதழ்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களால் பாதிக்கப்பட்ட வியாபாரிக்கு இந்தச் சட்டம்தான் புகலிடம். அதை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாயை அடைப்பதற்கென்றே போடும் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளச் சட்டம் வேண்டும். கலிபோர்னியாவில் 1992 முதல் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்தது. மால்டாவின் செய்தியாளர் டாஃப்னி கருவானா கலிசியா 2017இல் கொல்லப்பட்டபோது அவர்மீது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அந்த ஐரோப்பியச் சட்டத்தை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லை. வேண்டுமென்றே பொய்வழக்குப் போட்டவரிடம் ஈட்டுத்தொகை வாங்க நம் நடைமுறைச் சட்டத்தில் 35ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய்.

எங்கள் கதை என்ன ஆனது? சீட்டுப் புத்தக நகல்களைப் பட்டியலிட்டுப் பதில் நோட்டீஸ் அனுப்பினோம். வேறு கடிதம் வரவில்லை. அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க ஓராண்டுதான் கெடு என்று வக்கீல் சொன்னதால், ஆசிரியர் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். அந்தத் தாளைக் கிழித்த அன்று அச்சகத்துக்காரரையும் கூப்பிட்டு எல்லோருக்கும் டீ சொன்னோம். குற்ற வழக்குக்குக் கெடு மூன்று ஆண்டு. அதனால் அந்தக் கோப்பை மட்டும் பரணில் ஏற்றாமல் மேஜை டிராயரிலேயே வைத்திருந்தார்.