குறட்டைக்குப் பல் டாக்டரிடமா?

குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்று சொல்லியே பழகிவிட்டோம். பலருக்கு அது தூக்கமே இல்லை. நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து பின்னால் சரிய, மூச்சுப்பாதை அடைபடுகிறது. குறட்டை சட்டென்று நிற்கிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சில்லை. பிறகு திணறலோடு மறுபடி குறட்டை. இதுதான் ஸ்லீப் ஆப்னியா. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது செய்திகளில் அடிபட்ட பெயர்.

இதன் தடயம் வாயிலேயே இருக்கலாம். மைசூரு பன்னிமண்டபப் பகுதியில் 1986-ல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரி ஆனாலும் சரி, தெருமுனை கிளினிக் ஆனாலும் சரி, பல் கூச்சம் என்று வருபவரிடம் டாக்டர் கவனிக்க வேண்டியவை உண்டு: தேய்ந்த பற்கள், ஓரத்தில் பல் தடம் பதிந்த நாக்கு, குறுகிய மேல் அண்ணம், உள்வாங்கிய கீழ்த்தாடை. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்றும் பார்ப்பார்கள். 1985-ல் இந்த அளவீட்டை விளக்கியவர் ஆந்திராவில் பிறந்த மயக்கவியல் மருத்துவர் மல்லம்பட்டி.

ஆனால் பல் டாக்டர் சந்தேகப்படலாம். நோயை உறுதிசெய்வது தூக்கப் பரிசோதனைதான். மணிக்கு 5 முதல் 15 முறைக்குள் மூச்சு தடைபட்டால் லேசான பாதிப்பு, 30-ஐத் தாண்டினால் கடுமையானது. கடுமையான பாதிப்புக்கு முதல் சிகிச்சை, ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-ல் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி. மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்றை அழுத்தித் தரும்.

மாஸ்க் ஒத்துவராதவர்களுக்கும் பாதிப்பு குறைவானவர்களுக்கும் பல் டாக்டர் தரும் வாய்க்கருவி கைகொடுக்கும். மேல், கீழ்ப் பற்களுக்கு அளவெடுத்துச் செய்த இரண்டு உறைகள், கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும். கூடவே நாக்கும் முன்னே வர, தொண்டையில் வழி விரியும். மில்லிமீட்டர் கணக்கில் மெல்ல மெல்ல நகர்த்துவார்கள். தாடை வலி, எச்சில் வடிதல், நாள்பட்டால் மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம் மாறுதல் போன்ற தொல்லைகள் வரலாம். பல் ஆட்டம் கண்டவர்களுக்குச் சரிப்படாது.

அண்ணம் குறுகிய சில குழந்தைகளுக்கு, எலும்பு இறுகும் முன்பே திருகு வைத்த கருவியால் அதை அகலப்படுத்துவதும் உதவும். ஆனால் டான்சில் வீக்கத்தை முதலில் பார்க்க வேண்டும்.

கடையில் விற்கும் குறட்டைக் கிளிப்பை நம்பி இருந்துவிடாதீர்கள். டாக்டர் தந்த கருவியே ஆனாலும், சத்தம் அடங்கியதை வைத்துக் குணமாகிவிட்டதாக எண்ண வேண்டாம். அதை மாட்டிக்கொண்டு தூக்கப் பரிசோதனையை மறுபடி செய்தால்தான் மூச்சு சீரானதா என்பது தெரியும்.