கையால் எழுதும் நிரல்

எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை கணினி நிரல் எழுத முடியுமா? முடியும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டியவர் ரேடியா பெர்ல்மன். கணினி வலையமைப்புகளில் தகவல் முடிவின்றிச் சுற்றாமல் தடுக்கும் ‘ஸ்பானிங் ட்ரீ’ முறையைப் பின்னாளில் வகுத்தவரும் இவரே. 1970களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் அவர் செய்த கருவியில் கீபோர்டு கிடையாது. ‘முன்னே போ’, ‘திரும்பு’ போன்ற கட்டளைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அவற்றை வண்ணப் பெட்டிகளில் ஒன்றில் வரிசையாகச் செருகிப் பொத்தானை அழுத்தினால், தரையில் இருக்கும் ‘ஆமை’ ரோபோ அதன்படி நகரும். எந்தக் கட்டளை நடக்கிறதோ அந்த அட்டையருகே விளக்கு எரியும். ஆமை தப்பான பக்கம் திரும்பும்போது எரியும் விளக்கைப் பார்த்தாலே பிழை இருக்குமிடம் பிடிபட்டுவிடும். சிவப்பு அட்டையைச் செருகினால் சிவப்புப் பெட்டியில் உள்ள கட்டளைகள் முழுவதும் ஓடும். ஒரு நிரல் இன்னொன்றை அழைப்பது இப்படித்தான் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதற்காக, தொட்டுப் படித்தால் கூடுதலாகப் புரியும் என்று முடிவுகட்டிவிட முடியாது. பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஆய்வாளர் மைக்கேல் ஹார்ன் குழுவினர் ஒரே ரோபோவை இயக்க, கட்டளைகளைக் குறிக்கும் மரக்கட்டைகளையும், திரை-மவுஸையும் வைத்து ஒப்பிட்டு, 2009இல் முடிவை வெளியிட்டனர். பார்வையாளர்களுக்கு இரண்டும் ஒரே அளவு எளிதாக இருந்தன. அவர்கள் அமைத்த நிரல்களிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மரக்கட்டைகள் இருந்தபோது நின்று முயன்று பார்த்தவர்கள் அதிகம், குறிப்பாகச் சிறுமிகள். குடும்பத்தினர் சேர்ந்து பங்கேற்பதும் கூடியது. மவுஸை ஒருவர் பிடித்தால் மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். கட்டைகளை நான்கு பேர் ஒரே நேரத்தில் எடுத்து அடுக்கலாம். ஆக, இக்கருவிகள் அறிவைக் கூட்டுவதைவிட ஆட்களைக் கூட்டுகின்றன என்பதே சரி.

ஆயிரம் வரி நிரலைக் கட்டைகளால் எழுத முடியாதே, ‘ஸ்க்ராட்ச்’ போன்ற இலவச மென்பொருள் இருக்கும்போது எதற்கு இந்தச் செலவு என்று கேட்கலாம். முதல் குறை உண்மைதான். கட்டைகளோடு நின்றுவிடக் கூடாது. இரண்டாவது கேள்வி, எல்லோருக்கும் திரை தெரியும் என்று எண்ணிக் கேட்கப்படுவது. பார்வையற்ற குழந்தைக்கு, ஸ்க்ராட்ச்சில் செய்வதுபோலத் திரையில் வண்ணக் கட்டங்களை இழுத்துப் பொருத்துவது எட்டாத வேலை. மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் உருவான ‘கோட் ஜம்ப்பர்’ அந்தக் குழந்தைக்கானது. அதில் கட்டளைகளைத் தடவி அறியலாம்; ஒயரால் இணைத்தால் நிரல் இசையாகவோ கதையாகவோ ஒலிக்கும். திரையே போதும் என்கிற வகுப்பறைக்கு இச்செலவு வீண். திரையால் விலக்கப்பட்டவர்கள் இருக்கும் வகுப்பறையில், இதை மறுப்பது அவர்களுக்குப் பாடத்தையே மறுப்பதாகும்.