தொழுநோய்ப் படையும் பதிவேடும்

தோலில் ஒரு படை காணப்படுகிறது. சுற்றியுள்ள தோலைவிட அது வெளிறியோ சற்றுச் செந்நிறமாகவோ இருக்கிறது. அரிப்பு இல்லை, வலியும் இல்லை. நோயாளி கண்களை மூடிக்கொள்கிறார். சுகாதாரப் பணியாளர் பேனா முனையால் படையின் நடுவே மெல்லத் தொடுகிறார். தொட்ட இடத்தை அவரால் விரல் வைத்துக் காட்ட இயலவில்லையெனில், தொழுநோய் எனக் கொள்வதற்கு அது தக்க சான்றாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கு அடுத்து நடைபெறுவது எழுத்து வேலையே. சிகிச்சையில் பாதி இந்த எழுத்து வேலையில்தான் அடங்கியுள்ளது என்பது பலர் அறியாத செய்தி.

நோயாளிக்கென ஓர் அட்டை எழுதப்படுகிறது. மனித உருவின் முன்புறமும் பின்புறமும் கோட்டோவியமாக அதில் அச்சிடப்பட்டிருக்கும். படைகள் உள்ள இடங்களை அவ்வோவியத்தில் குறித்து, அவற்றை எண்ண வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை இருந்தால் குறைந்த நுண்கிருமி வகை. ஆறும் அதற்கு மேலும் இருந்தால் பல நுண்கிருமி வகை. பாதிக்கப்பட்ட நரம்புகள் ஒன்றுக்கு மேற்பட்டாலோ, தோல் திசு ஆய்வில் கிருமி தென்பட்டாலோ, படைகள் எத்தனையாயினும் இரண்டாம் வகையே. முதல் வகைக்கு ஆறு மாதச் சிகிச்சை. அதனை ஒன்பது மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். இரண்டாம் வகைக்குப் பன்னிரண்டு மாதங்கள். பதினெட்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். முதல் வகையினர் முன்னர் ரிஃபாம்பிசின், டாப்சோன் ஆகிய இரு மருந்துகளையே பெற்றுவந்தனர். 2025 ஏப்ரல் முதல் அவர்களுக்கும் குளோஃபாசிமைன் சேர்த்து மூன்று மருந்துகள் வழங்க மத்திய அரசு முடிவு செய்தது. எனினும் சிகிச்சைக் காலம் இன்றும் படைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைகிறது.

ஆகவே ஐந்தா ஆறா என்பது அற்பக் கேள்வியன்று. முதுகிலோ பிட்டத்திலோ உள்ள ஒரு படையைக் காணத் தவறினால், ஓராண்டு மருந்துண்ண வேண்டியவர் ஆறு மாதத்தில் விடுவிக்கப்படுவார். பெண் நோயாளியை ஆண் பணியாளர் பரிசோதிக்கும் இடங்களில் இத்தவறு நேர வாய்ப்பு மிகுதி. கைகளையும் முகத்தையும் மட்டும் பார்த்து அட்டையை நிரப்பிவிடுகின்றனர். பகல் வெளிச்சமும், மறைவான ஓர் அறையும், ஒரு பெண் பணியாளரும் இல்லாத நிலையத்தில் எழுதப்படும் எண்ணிக்கையை ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

முதல் நாள் வரைபடத்திற்கு இன்னொரு பயனும் உண்டு. நோய் குணமான பின்னும் வெளிறிய படைகள் சில பல்லாண்டுகள் நிலைத்திருக்கும். வேலை தேடி வேற்று மாநிலம் செல்லும் தொழிலாளி அங்கே வேறொரு நிலையத்தில் அவற்றைக் காட்டினால், புதிய நோயாளியாகவே பதியப்படுவார். சிகிச்சை முடித்த சான்று கையிலிருந்தால் இக்குழப்பம் நேராது. மேலும், பழைய படை சிவந்து வீங்குவது பெரும்பாலும் நோய் எதிர்விளைவு. முன்பு இல்லாத இடத்தில் படை தோன்றினால் நோய் திரும்பியதா என ஆராய வேண்டும். இரண்டிற்கும் மருத்துவம் வேறு. பழைய வரைபடம் இல்லாத மருத்துவர் எதைக் கொண்டு வேறுபாடு காண்பார்?

கை, கால், கண் ஆகியவற்றின் உணர்ச்சியும் தசை வலுவும் தேதியிட்டுக் குறிக்கப்படுகின்றன. உணர்ச்சி இழப்பு ஏற்பட்டு ஆறு மாதங்களுக்குள் பிரெட்னிசோலோன் கொடுத்தால் நரம்பு மீளும் வாய்ப்பு அதிகம். சென்ற மாதத்துக் குறிப்பு வெறுமையாக இருந்தால், இழப்பு எப்போது தொடங்கியது என்பதே தெரியாமற் போகும்.

பணமும் இந்த அட்டையைச் சார்ந்தே நகர்கிறது. திட்ட விதிகளின்படி, புறத்தே தெரியும் ஊனம் ஏற்படுமுன் நோயாளியைக் கண்டு அழைத்துவரும் ஆஷா பணியாளருக்கு 250 ரூபாயும், ஊனம் ஏற்பட்ட பின்னர் எனில் 200 ரூபாயும் ஊக்கத்தொகை. உரிய காலத்தில் சிகிச்சை முடிந்தால் முதல் வகைக்கு 400 ரூபாய், இரண்டாம் வகைக்கு 600 ரூபாய். ஓராண்டு வீடு தேடிச் செல்லும் உழைப்புக்கு இது மிகை என எவரும் கூறார். ஆயினும் தொகை வகையைச் சார்ந்திருப்பதால், தணிக்கை செய்வோர் 'ஆறு' என்ற எண்ணை மட்டும் காணாது, ஓவியத்தில் ஆறு குறிகள் உள்ளனவா எனவும் காண்பது நலம்.

அடுத்து, மேல்மட்டக் கணக்கு. மார்ச் 31 அன்று ஏட்டில் சிகிச்சை பெற்றுவருவோர் எத்தனை பேர் என்பதைப் பத்தாயிரம் மக்களுக்கு இவ்வளவு எனக் கூறுவதே நோய்ப் பரவல் விகிதம். இது ஒன்றுக்குக் கீழே செல்ல வேண்டும் என்பது 1991-இல் உலக சுகாதாரப் பேரவை வகுத்த இலக்கு. இந்தியா தேசிய அளவில் 2005 டிசம்பரில் இதனை எட்டியது. 1983-இல் தொடங்கிய தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் பெரும் சாதனை இது என்பதில் ஐயமில்லை. எனினும் மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு இலட்சம் மக்களைக் கொண்ட ஒரு வட்டாரத்தில், ஆண்டுக்கு 24 புதிய நோயாளிகள், வகைக்குப் பன்னிருவராகச் சீராகக் காணப்படுகின்றனர் எனக் கொள்வோம். இரண்டாம் வகைக்கு 24 மாதச் சிகிச்சை இருந்த காலத்தில் ஏட்டில் முதல் வகையினர் 6, இரண்டாம் வகையினர் 24, ஆக 30 பேர், விகிதம் 1.5. அச்சிகிச்சை 12 மாதமாகக் குறைந்ததும் ஏட்டில் 6-உம் 12-உம் ஆக 18 பேர், விகிதம் 0.9. வட்டாரம் இலக்கை எட்டிவிட்டது. ஆயினும் புதிதாக நோயுறுவோர் முன்போலவே 24 பேர்தாம்.

காலக் குறைப்பு மருத்துவ ஆதாரத்தின் மீது செய்யப்பட்டதே. அதனைக் குறை கூறுவதற்கில்லை. குறை, ஓர் எண்ணையே முழு உண்மையெனக் கொள்வதில் உள்ளது. பரவல் விகிதத்துடன், இலட்சம் மக்களில் புதிதாகக் காணப்பட்டோர், அவர்களுள் கண்ணுக்குத் தெரியும் ஊனமுற்றோர், குழந்தைகள் ஆகிய கணக்குகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குழந்தைகளிடம் நோய் காணப்படுவது அண்மைத் தொற்றையும், ஊனத்துடன் வருவது காலதாமதத்தையும் காட்டும். 2016-இல் ஏழு மாநிலங்களின் 50 மாவட்டங்களில் வீடு வீடாகத் தேடும் இயக்கம் தொடங்கப்பட்டது. 2016-17-இல் நாட்டில் பதிவான புதிய நோயாளிகள் சுமார் 1.35 இலட்சம். தேடினால் கிடைப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

2023-இல் 'நிகுஷ்ட் 2.0' என்னும் இணையப் பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. ஊர் மாறும் நோயாளியைத் தொடர இது உதவும். ஆனால் கணினியில் ஏறுவது அட்டையில் உள்ளதே. குறிப்பாக, உடன் வசிப்போரின் பட்டியல் பல அட்டைகளில் அரைகுறையாகவே விடப்படுகிறது. அதில் இடம்பெற்றோரைப் பரிசோதித்து, நோயில்லாத தகுதியுடையோருக்கு ஒரே வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கும் தடுப்பு முறை 2018-க்குப் பின் பின்பற்றப்பட்டு வருகிறது. பட்டியலில் விடுபட்ட மருமகளுக்கோ பேரனுக்கோ அந்த வேளை மருந்து கிடைப்பதில்லை.