தாளில் இறங்கிய நாடகமேடை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கடைகளில் புதுமையான தாள்கள் விற்பனைக்கு வந்தன. அந்நாளைய நாடகங்களின் மாந்தர்களும் திரைச்சீலைகளும் அவற்றில் சிறிய அளவில் அச்சிடப்பட்டிருந்தன. வண்ணமற்ற தாள் ஒரு பென்னி; வண்ணம் தீட்டியது இரண்டு பென்னி. சிறுவர்கள் அவற்றை அட்டையில் ஒட்டி, கத்தரித்து, மேசைமீது நாடகம் நடத்தினர். இதுவே பொம்மை அரங்கம். நடிகர் படங்களில் துணியும் மின்னும் தகடும் ஒட்டி அழகுபடுத்துவதும் அங்கு வழக்கமாக இருந்தது.

மேடைக்காட்சி அச்சேறி வீட்டுக்குள் வந்த கதை நம் நாட்டிலும் உண்டு. கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ், ஓவியர் இரவிவர்மாவிடம் அவருடைய ஓவியங்களை அச்சிட்டுப் பரப்புமாறு அறிவுரை கூறினார். 1894இல் மும்பை கிர்காவில் இரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது. இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. கல்லச்சு முறையில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனிக் கல் வேண்டும். கல்லின்மீது எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து நீரால் நனைப்பர். ஈரமான இடம் அச்சுமையை விலக்கும். வரைந்த இடம் பற்றிக்கொள்ளும். ஒரே தாள் கல்லுக்குக் கல் மாறி அச்சேறும். ஒரு கல் சற்றே விலகினாலும் சகுந்தலையின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழுந்துவிடும்!

இலக்குமியும் கலைமகளும் எளியோர் வீடுகளுக்கும் வந்தனர். கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களும் தெய்வத்தின் முகத்தைத் தம் வீட்டுச் சுவரில் கண்டனர். செட்டிநாட்டு வீடுகளிலோ இப்படங்களுக்குச் சரிகையும் துணியும் கொண்டு ஆடை அணிவித்தனர். லண்டனில் நடிகர் படங்களுக்குச் செய்த அதே வேலை.

அச்சகம் புகழைத் தந்த அளவுக்குப் பொருளைத் தரவில்லை. 1896இல் மும்பையில் பிளேக் நோய் பரவியது. பின்னர் லோனாவாலா அருகிலுள்ள மலவ்லிக்கு மாறிய அச்சகம், இறுதியில் ஃபிரிட்ஸ் ஸ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்கப்பட்டது.

தமிழகத்தில் இக்கலைக்கு மறுவாழ்வு தந்தவர் கொண்டையராஜு. 1898இல் பிறந்த அவர், நாடகக் குழுவில் படுதா வரைந்துவந்தார். அரண்மனை, காடு, மலை என்று காட்சிக்கு ஒரு படுதா விழும். திரைப்படம் வளர, நாடகக் குழுக்கள் நலிந்தன. கோவில்பட்டியில் தங்கிய கொண்டையராஜு, தம் மாணவர்களுடன் தெய்வப் படங்கள் வரையலானார். பக்கத்திலிருந்த சிவகாசி அச்சகங்கள் அவற்றை நாள்காட்டிகளாக அச்சிட்டு ஊரெங்கும் அனுப்பின. அப்படங்களில் தெய்வத்தின் பின்னே நிற்கும் தூண்களும், தாமரைக் குளமும், தொலைவில் தெரியும் மலையும் மேடைப் படுதாவிலிருந்து இறங்கி வந்தவை.