பாரந்தூக்கி வண்டியும் பேரிங்கும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. ரப்பர்த் தொழிற்சாலைகளிலும் பண்டகசாலைகளிலும் ஓடும் மின்சாரப் பாரந்தூக்கி வண்டிகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் அச்சாணியின் பணியைச் செய்வது பேரிங் ஆகும்.

1965-ஆம் ஆண்டு எஸ்.எம்.ஆர். தரமுறை அறிமுகமான பின், நமது ரப்பர் 33⅓ கிலோகிராம் கட்டிகளாக ஏற்றுமதியாகத் தொடங்கியது. முப்பத்தாறு கட்டிகளை ஓர் அடுக்குப் பலகையில் அடுக்கினால் எடை 1,200 கிலோகிராம் ஆகிறது. ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே 1977-இல் செயல்படத் தொடங்கிய பாசிர் கூடாங் துறைமுகம் போன்ற இடங்களில் இத்தகைய பாரங்களை வண்டிகளே கையாளுகின்றன. மின்சார வண்டி புகை கக்காததால், மூடிய பண்டகசாலைக்கு ஏற்றது.

சாதாரணக் குண்டுப் பேரிங்கில் இரு எஃகு வளையங்களுக்கிடையே குண்டுகள் உருளும். சுழல்தண்டு சற்றே சாய்ந்தால் குண்டுகள் ஒரு பக்கமாக நெருக்கப்பட்டு, சூடேறித் தேயும். 'தானே நேர்படும்' பேரிங்கில் குண்டுகள் இரு வரிசையாக உள்ளன. வெளிவளையத்தின் உட்புறம் கிண்ணம்போல் வளைந்திருப்பதால், தண்டு சிறிது சாய்ந்தாலும் உள்வளையமும் குண்டுகளும் அதனுடன் சாய்ந்து தடையின்றிச் சுழலும்.

இதனை 1907-இல் உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்வென் விங்குவிஸ்ட். அவர் பணியாற்றிய கோதன்பர்க் நெசவாலை களிமண் நிலத்தில் அமைந்திருந்தது. நிலம் அமிழ, சுழல்தண்டுகள் நேர்நிலை தவறிப் பேரிங்குகள் அடிக்கடி பழுதடைந்தன. அதற்குத் தீர்வாகவே இது பிறந்தது. அவ்வாண்டே எஸ்.கே.எஃப். நிறுவனமும் தோன்றியது.

எனினும் எல்லா இடத்திற்கும் இது உகந்ததன்று. தண்டின் நீளவாக்கில் வரும் தள்ளுவிசையை இது குறைவாகவே தாங்கும். வண்டியின் சக்கரத்திற்கோ மோட்டாருக்கோ வேறு வகை குறிக்கப்பட்டிருந்தால் அதையே பொருத்த வேண்டும். மாற்றும் முன் வளையத்தில் பொறித்த எண்ணைக் கவனித்தல் அவசியம். 1205, 2205 ஆகிய இரண்டிற்கும் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர். ஆயின் முன்னதன் அகலம் 15, பின்னதன் அகலம் 18 மில்லிமீட்டர். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று சரியாக அமராது. எண்ணுக்குப் பின்வரும் எழுத்துகளும் ஒத்திருக்க வேண்டும்.

பழுதின் அறிகுறிகள் வருமாறு:

1. வழக்கத்திற்கு மாறான உறுமல் அல்லது உராயும் ஓசை.
2. மிகுந்த சூடு, கிரீஸ் கசிதல்.
3. அதிர்வு அல்லது தண்டில் ஆட்டம்.

இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி மேலாளரிடம் தெரிவித்தல் வேண்டும். பழுது பார்ப்பது பயிற்சி பெற்றவரின் பணி. முதலில் தூக்குகரங்களைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்து, பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். புதிய பேரிங்கைப் பொருத்தும் நேரம் வரை உறையிலேயே வைத்திருத்தல் நன்று. தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தின் மீதே சீராக அழுத்த வேண்டும்; வெளிவளையத்தைச் சுத்தியலால் அடித்தால் குண்டுகள் வடுப்பட்டு, புதியதும் விரைவில் கெடும்.

திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஓர் உரிமையை வழங்குகிறது. உடனடி ஆபத்து உள்ளதெனத் தக்க காரணத்துடன் நம்பும் தொழிலாளி, முதலாளி அதனை நீக்கத் தவறினால், அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். உறுமும் வண்டியைப் பற்றித் தயங்காமல் கூறுங்கள். உயர்த்திய பாரத்தின் அருகே நிற்பவர் நம் தோழரே என்பதை மறவாதிருப்போம்.