கரடியைத் தேடினார், மனிதன் கிடைத்தான்!

வடக்கு ஸ்பெயினில் புர்கோஸ் என்றொரு நகரம். அங்கே அர்லான்சோன் ஆற்றங்கரையில் 2010-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள்: மனிதப் பரிணாம அருங்காட்சியகம். ஆதிமனிதன் என்று சொல்லிப் பல ஊர்களில் வார்ப்பு எடுத்த நகல்களைத்தான் கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள். இங்கே அசல் எலும்புகளையே பார்க்கலாம். நாலு லட்சம் ஆண்டுக்கும் முந்தைய அசல் முகம் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது!

அந்த முகம் வெளிச்சத்துக்கு வந்த கதையில் முதல் பங்கு யாருக்குத் தெரியுமா? நொடித்துப்போன ஒரு ரயில் பாதைக்கு! 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மலையிலிருந்து நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கொண்டுபோக ஒரு பிரிட்டிஷ் கம்பெனி தண்டவாளம் போட்டது. புர்கோசுக்குக் கிழக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் அட்டபுவெர்க்கா குன்று. அதைச் சுற்றிப் போகாமல் கீறிக்கொண்டே பாதையைக் கொண்டுபோனார்கள். ரயில் நீடிக்கவில்லை. பள்ளம் நின்றது. பலாப்பழத்தைப் பிளந்தாற்போல, மண் மூடிக் கிடந்த குகைகள் இரண்டு பக்கமும் வாய் திறந்து தெரிந்தன. இன்று அந்தக் குன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்!

ஆனால் உலகை உலுக்கிய குழி அந்தப் பள்ளத்தில் இல்லை. அதே குன்றில் வேறொரு குகையின் அடிவயிற்றில் இருக்கிறது. நடந்தும் தவழ்ந்தும் உள்ளே போய், அதன்பின் 13 மீட்டர் செங்குத்தாக இறங்க வேண்டும். பெயரே ‘எலும்புக் குழி’! 1976-இல் டிரினிடாட் டோரஸ் என்ற சுரங்கப் பொறியியலாளர் பழங்காலக் கரடிகளின் எலும்பு தேடி அங்கே இறங்கினார். கரடி எலும்புகளோடு அவர் கையில் வந்தது ஒரு மனிதத் தாடை! எமிலியானோ அகிர்ரே என்ற அறிஞர் அதைப் பார்த்தார். 1978-இல் அகழாய்வு தொடங்கிவிட்டது.

அந்த ஒற்றைக் குழிக்குள் எத்தனை பேர் கிடந்தார்கள் தெரியுமா? குறைந்தது 28 பேர்! எலும்புத் துண்டுகள் 6,500-க்கும் மேல்! வயது 4,30,000 ஆண்டு! அந்தக் காலத்து மனித எலும்புகள் உலகில் வேறெங்கும் ஒரே இடத்தில் இத்தனை கிடைத்ததில்லை. தோண்டிய மண்ணைக்கூட விடவில்லை. அதே அர்லான்சோன் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, அலசி, சலித்தார்கள். சலித்த மண்ணில் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகள்கூட அகப்பட்டன! அவற்றையும் மண்டையோடுகளையும் வைத்து அவர்களின் செவித்திறனைக் கணக்கிட்டால், பேச்சு ஒலிகளைக் கேட்பதில் நம் காதுக்கு வெகு அருகில் வருகிறது. அவர்கள் பேசினார்களா என்ற கேள்விக்கு இதைவிடப் பரவசமான சான்று எனக்குத் தெரியாது.

2016-இல் இந்த எலும்புகளிலிருந்து உட்கரு மரபணுவையும் படித்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? லைப்சிக் நகரத்து ஆய்வகத்தின் சாதனை அது. இவர்கள் நியாண்டர்தால் மனிதர்களின் ஆரம்பகால உறவினர்கள் என்று தெரிந்தது!

அருங்காட்சியகத்தில் நம்மைப் பார்க்கும் அந்த முகம், ஐந்தாம் எண் மண்டையோடு. செல்லப்பெயர் ‘மிகெலோன்’. கிடைத்த ஆண்டு 1992. சைக்கிள் வீரர் மிகெல் இந்துராயின் உச்சத்தில் இருந்த நேரம், அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பாவம், அந்த மனிதருக்குப் பல் உடைந்து சீழ் கோத்து, தாடை எலும்பையே அரித்திருக்கிறது. 1994-இல் கிடைத்த இடுப்பெலும்புக்குப் பெயர் ‘எல்விஸ்’! 45 வயது தாண்டியவர், முதுகெலும்பு தேய்ந்து கூன் விழுந்தவர். வேட்டைக்குப் போவது கடினமாக இருந்திருக்கும். அவரை யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

எனக்கு இந்தக் குழியிலேயே பெரிய அதிசயம் ‘பெஞ்சமினா’தான். கருவிலேயே மண்டையோட்டுப் பொருத்து ஒன்று மூடிக்கொண்டு, தலை கோணலாகிப் பிறந்த குழந்தை. மூளையில் அழுத்தம் இருந்திருக்கும், வளர்ச்சி தடைப்பட்டிருக்கலாம். அப்படியும் அந்தக் குழந்தை ஐந்து வயதைக் கடந்து வாழ்ந்திருக்கிறது! கைவிடவில்லை, ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். 4,30,000 ஆண்டுகளுக்கு முன்னால்! அதே குழியில் இன்னொரு மண்டையோட்டின் நெற்றியில் இரண்டு ஓட்டைகள். ஒரே ஆயுதத்தால் இரண்டு முறை ஓங்கி அடித்த தடம் என்று 2015-இல் அறிவித்தார்கள். கொலை!

இத்தனை எலும்புக்கு நடுவே கிடைத்த கல்லாயுதம் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. 1998-இல் எடுத்த செந்நிறக் குவார்ட்சைட் கைக்கோடரி. ஆர்தர் அரசனின் வாளை நினைத்து ‘எக்ஸ்காலிபர்’ என்றார்கள். இறந்தவர்களோடு வைத்த காணிக்கை என்பது அகழாய்வாளர்களின் கருத்து. எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. இதே அச்சூலியன் என்னும் பழங்கற்கால மரபுக் கைக்கோடரிகள் நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கிடைத்திருக்கின்றன. நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கண்டுபிடித்த இடம். அங்குள்ளவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தையவை. எக்ஸ்காலிபருக்கு அவை எவ்வளவு மூத்தவை, பாருங்கள்!

ரயில் பள்ளத்துக் குகைகளும் சும்மா இருக்கவில்லை. அவற்றில் ஒன்றான கிரான் டோலினாவில் 1994-இல் கிடைத்த மனிதர்கள் எட்டு லட்சம் ஆண்டுக்கும் முந்தையவர்கள். 1997-இல் ‘ஹோமோ ஆன்டிசெஸர்’ என்ற புது இனப்பெயர் பெற்றார்கள். அவர்கள் எலும்புகளில் கல்லால் சதை அரிந்த கீறல்கள்! மனிதனை மனிதன் தின்றிருக்கிறான். அதே பள்ளத்தின் இன்னொரு குகையான ‘யானைக் குழி’யில் 2022-இல் ஒரு முகத்தின் இடப்பாதி வந்தது. வயது 11 முதல் 14 லட்சம் ஆண்டு. மேற்கு ஐரோப்பாவின் மிகப் பழைய முகம்! பெயர் ‘பிங்க்’.

தோண்டுகிற வேலை கோடைதோறும் நடக்கிறது. ஜூலையில் போனால், அருங்காட்சியகத்திலிருந்து பஸ் பிடித்து, அந்த ரயில் பள்ளத்திலேயே சாரம் கட்டி மண்ணைச் சுரண்டுகிறவர்களைக் கண்ணால் பார்க்கலாம்.