அகவகுப்பும் அந்தரங்க உறுப்பும்

ஒன்றனுள் ஒன்று அமைந்திருத்தல், அவற்றிடையே அணுகும் உரிமை உண்டென்பதற்குச் சான்றாகாது. மாத்தளை மாவட்டத்தின் றத்தோட்டை, உக்குவளைப் பகுதிகளை நோக்குமிடத்து இது தெளிவாகும். அங்குள்ள தோட்டங்கள் பிரதேச சபைகளின் எல்லைக்குள் அமைந்தவை. தோட்ட மக்கள் அச்சபைகளுக்கு வாக்களிப்பவர்கள். ஆயினும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, லயக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே கொள்ளப்பட்டு வந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது.

பொருள்நோக்கு நிரலாக்கத்திலும் இவ்வினா எழுகின்றது. ஈண்டு வகுப்பு என்பது வர்க்கமன்று; தரவுகளையும் அவற்றின்மீது இயங்கும் செயல்களையும் ஒருங்கே பிணைக்கும் வார்ப்பு ஆகும். அதன் உறுப்பொன்று அந்தரங்கமெனக் குறிக்கப்படின், வெளியிலுள்ள நிரல் அதனைப் படிக்கவோ மாற்றவோ இயலாது. ஒரு வகுப்பினுள்ளே மற்றொரு வகுப்பு அமையும்போது யார் 'வெளியார்' என்பதே சிக்கல்.

'சபை' என்னும் புறவகுப்பில் 'நிதி'யும், அதனுள் அமைந்த 'தோட்டம்' என்னும் அகவகுப்பில் 'பாதை'யும் அந்தரங்க உறுப்புகள் எனக் கொள்வோம். சி பிளஸ் பிளஸ் மொழியின் 1998ஆம் ஆண்டுத் தரநிலைப்படி, இவை ஒன்றன் அந்தரங்கத்தை மற்றொன்று அணுகச் சிறப்புரிமை எதுவும் இல்லை. 2011ஆம் ஆண்டுத் தரநிலை, தோட்டம் நிதியை அணுக இடமளித்தது; சபையோ பாதையைத் தொடவியலாது. தொடவேண்டுமாயின், சபையைத் தனது நட்பு வகுப்பெனத் தோட்டமே அறிவித்தல் வேண்டும். சி ஷார்ப்பிலும் அகவகுப்புக்கே அவ்வுரிமை உண்டு. ஜாவாவில் இருவழியும் திறந்தே இருக்கும். ஒரே புறவகுப்பினுள் அமைந்த இரு அகவகுப்புகளும் தம்முள் அணுகிக்கொள்ளலாம்.

ஆயின் ஜாவாவின் வரலாறு நுணுகி நோக்கத்தக்கது. 1997இல் அகவகுப்புகள் அம்மொழியிற் புகுந்தபோது, மொழி விதி உரிமை வழங்கியதேயன்றி, நிரலை இயக்கும் மெய்நிகர் இயந்திரம் அவற்றை இரு வேறு வகுப்புகளாகவே கருதியது. எனவே தொகுப்பி, மறைவான இடைச்செயல்களை உண்டாக்கிப் பின்கதவு அமைத்துக்கொடுத்தது. அக்கதவு அதே பொதியிலுள்ள பிற வகுப்புகளுக்கும் எட்டக்கூடியதாயிருந்தது. 2018இல் வெளிவந்த ஜாவா 11 இவ்வகுப்புகளை ஒரே கூட்டின் உறுப்பினராக இயந்திரமே ஏற்கச் செய்து, அப்பின்கதவின் தேவையை நீக்கியது. விதியில் உள்ள உரிமை இயக்கத்தில் இடம்பெறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

இன்னுமொன்று மனங்கொள்ளத்தக்கது. அணுகும் உரிமை வேறு, அணுகுதற்குரிய பொருள் வேறு. ஜாவாவின் நிலைத்த அகவகுப்பும் சி பிளஸ் பிளஸின் அகவகுப்பும் புறவகுப்பின் அந்தரங்கத்தைக் காண அனுமதி பெற்றவையே. எனினும் குறித்தவொரு சபைப் பொருளின் சுட்டு கையளிக்கப்பட்டாலன்றி, அவை எந்த நிதியையும் படிக்கமாட்டா. எச்சபையின் நிதி என்ற வினாவுக்கு அனுமதி மட்டும் விடையாகாது.

அணுகும் எல்லைகள் இயற்கையில் விளைந்தவையல்ல. மனிதர் வகுத்தவை, ஆதலின் மாற்றத்தக்கவை. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய மாற்றமே. ஆனால் அது அளித்தது அனுமதி. குறித்த ஒரு லயத்துக்குக் குறித்த ஒரு பாதை என்று சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்படும்போதுதான் அவ்வனுமதி பொருளைச் சென்றடைகின்றது. அதனை எழுதச் செய்வது வாக்காளரின் அமைப்புப் பலமேயாகும்.